போடி வழியாக மூணாறு

மலைக்குப் போவதென்று தீர்மானிப்பது எளிது; எந்த மலைக்கு என்பதில்தான் வீட்டில் கட்சி பிரியும். மதுரையில் குடியிருப்போருக்குக் கொடைக்கானல் பக்கத்து வீட்டுத் திண்ணை மாதிரி. ஆகவே எங்கள் பிள்ளைகள் இருவரும் முதலில் கொடைக்கானலுக்கே வாக்களித்தார்கள். ஆனால் 2024 மே 7 முதல் அங்கும் உதகைக்கும் இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு வந்திருப்பதே, அம்மலைகள் தாங்கக்கூடியதற்கு மேல் ஜனம் ஏறிவிட்டது என்பதற்குச் சாட்சி. ஏரியைச் சுற்றி வண்டிகளின் புகையைச் சுவாசிக்கவா மலை ஏறுவது? நான்கு நாள் அவகாசம் இருக்கிறது. போடி வழியாக மூணாறு ஏறி, மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, பழனி மார்க்கமாக வீடு திரும்புவோம் என்று நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். போன வழியே திரும்பாத பிரயாணத்துக்கு ஒரு தனி ருசி உண்டு.

எப்போது போவது என்பது அடுத்த விஷயம். பள்ளிக்கூட உத்தியோகஸ்தர்களுக்கு விடுமுறையே பஞ்சாங்கம். மே மாதத்தில் மூணாறுக் கடைத்தெருவில் நடக்கவும் இடமிராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மழையை விளையாட்டாக எண்ணலாகாது. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில், உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள்மீது மலை சரிந்து எழுபது பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். பிப்ரவரி, மார்ச்சிலோ வரையாடுகள் குட்டி ஈனும் காலமென்று இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவது வழக்கம். தென்மேற்கு மழை ஓய்ந்து, வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன் உள்ள இடைவெளி ஒன்றுதான் மிச்சம். நல்லவேளையாகக் காலாண்டு விடுமுறை அதில் விழுகிறது.

இதுவரை சொன்னவற்றில் அம்மாவின் பேச்சே வரவில்லை என்று நேயர்கள் எண்ணலாம். அம்மாவும் பல நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூணாறு என்ற பெயர் அடிபட்ட பிறகுதான், ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது, "தேவிகுளத்தைத் தாண்டித்தானே போவீங்க?" என்று கேட்டார்கள்.

அம்மா பிறந்தது அந்த மலையில்தான். எங்கள் தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி மதுரைக்கு இறங்கிய அம்மா, பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. தாத்தாவும் வேலையிலிருந்து விலகிப் போடிக்கே வந்துவிட்டதால் போகக் காரணமும் இல்லாது போயிற்று. இப்போது வயது எழுபத்திரண்டு. கண்ணில் நீர் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிவருகிறது. சொட்டு மருந்து அதன் வேகத்தைக் குறைக்குமே அன்றிப் போன பார்வையை மீட்டுத் தராது என்று கண் வைத்தியர் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. கொடைக்கானல் கட்சியும் அன்றிரவே கலைந்துவிட்டது.

இனி வழி. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் கடந்து தேனி ஏறக்குறைய 75 கிலோமீட்டர். அங்கிருந்து போடிநாயக்கனூர் பதினைந்து. 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை - போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. போடி வரை ரயிலில் போய், அங்கே வண்டி அமர்த்தலாமா என்றும் யோசித்தோம். உடுமலை வழியாகத் திரும்புவதென்றால் அது ஒத்துவராது. ஆகவே மதுரையிலிருந்தே வாடகைக் கார், மலைப்பாதையில் பழகிய ஓட்டுநரோடு. மாநில எல்லை தாண்டுவதால் அதற்குரிய அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

போடியைத் தாண்டினால் ஏற்றம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் தர்மம். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் கீழ்க் கியரில் வருவது ஓட்டுநரின் யோக்கியதை. மகளுக்கு வளைவுகளில் குமட்டல் வரும். அன்று காலை இரண்டு இட்லிக்கு மேல் கூடாது என்றும், இஞ்சி முரப்பா கைவசம் இருக்கவேண்டும் என்றும் இல்லத்தரசியின் கட்டளை.

போடிமெட்டிலிருந்து மூணாறு 42 கிலோமீட்டர். முதலில் பூப்பாறையைச் சுற்றி ஏலக்காய். ஆனையிறங்கல் வந்ததும் தேயிலை. பிறகு பெரியகானல், கணவாய், தேவிகுளம். 1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டுமென்று பெரிய கிளர்ச்சி நடந்தது. அவை கேரளத்தோடே நின்றன. கோடு எங்கே விழுந்தால் என்ன, கொழுந்து பறித்த கைகளில் பெரும்பகுதி இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏறியவைதான். 2015 செப்டம்பரில் போனஸுக்காக மூணாறு வீதியில் உட்கார்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுங்கச் சொன்ன 'பெண்கள் ஒற்றுமை'யினர் அவர்களுடைய வாரிசுகளே.

மூணாற்றில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் எங்கள் மகன் நம்ப மறுக்கிறான். குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும். அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, பின் போடிக்கு வரும். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் தண்டவாளங்களை வாரிக்கொண்டு போயிற்று. பிறகு அவற்றைப் போடவே இல்லை. அந்த டாப் ஸ்டேஷனுக்கு இரண்டாம் நாள் மாலை. காலையில் இரவிகுளம், 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியின் அடிவாரமும் வரையாடுகளும். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். பூ இல்லையென்று மகளுக்கு மனக்குறை. புல்வெளிக்குப் பூ மட்டுமா அழகு என்று நாங்கள் சமாதானம் சொன்னோம், எடுபடவில்லை.

திரும்பும் வழியில் மறையூரின் சந்தன மரங்களும், கரும்புப் பாகு காய்ச்சும் கொட்டகைகளும், பாறைமேல் நிற்கும் பெருங்கற்காலத்து முனியறைகளும் உண்டு. அதன்பின் சின்னாறு வனம். மழை மறைவுப் பிரதேசமாதலால் முட்செடிகள் நிறைந்த வேறொரு உலகம். அங்கே யானைகள் சாலைக்கு வருமாதலால் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் முழுவதையும் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறோம். அது அம்மாவின் நாள். தோட்டத்துக்குள் வெளியார் அனுமதியின்றி நுழைய முடியாது. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். மறுமுனையிலிருந்தவர் தமிழிலேயே பேசினார். பழைய குவார்ட்டர்ஸ் சில இடிக்கப்பட்டன, எது நிற்கிறது என்று வந்து பார்த்தால்தான் தெரியும், பெரியம்மாவை அழைத்து வாருங்கள் என்றார். இதை அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னோம்.

"வீடு இல்லாட்டிப் போகுது. ஓடை இருக்கும்ல? அதை யாரு இடிக்க முடியும்?" என்றார்கள்.

கம்பளி நான்கு, மருந்துப் பெட்டியில் அம்மாவின் கண் சொட்டு மருந்து இரண்டு புட்டி, புளியோதரை ஒரு தூக்கு. காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. ஓரப் பார்வை குறைந்தவர்களுக்குப் பக்கத்து ஜன்னலைவிட எதிரே உள்ள கண்ணாடியே மேல். ஆகவே முன் ஆசனம் அம்மாவுக்கு. ஒரு மாதத்துக்கு முன்பே அதற்கு உரிமை கொண்டாடியிருந்த மகன், இப்போது வாயைத் திறக்கவில்லை.