பைசிகிள் வந்த வருஷம்

நமது வீட்டுக்குப் பைசிகிள் வந்தது 1994-ஆம் வருஷம். அதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே நம்முடைய தமக்கையின் படிப்பு நின்றுவிட்டது. எட்டாம் வகுப்பில் அவள்தான் முதல். ஆனால் உயர்நிலைப் பள்ளி 5 மைலுக்கு அப்பால் இருந்தது. மாலை பஸ் ஊர் வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகு நேரமாகியிருக்கும். "பெண் குழந்தை இருட்டில் வருவதாவது!" என்றார் தகப்பனார். விஷயம் முடிந்தது.

நாம் எட்டாவது தேறியபோதும் அந்த 5 மைல் குறைந்துவிடவில்லை. தகப்பனார் கடன்பட்டுப் பைசிகிள் வாங்கினார். அவரைக் கொடியவர் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். தமக்கையின் பட்டுப் பாவாடைக்கும் கடன்பட்டவர்தான். தினம் காலையில் சக்கரத்துக்குக் காற்றடித்துக் கொடுத்தவள் தமக்கை. அதை நாம் ஒரு விசேஷமாகவே நினைக்கவில்லை என்பதை இப்போது எழுதக் கூச்சமாயிருக்கிறது.

இன்று நாம் உபாத்தியாயர். சர்க்கார் இலவசமாய்க் கொடுக்கும் சைக்கிள்களைப் பதினோராம் வகுப்புப் பெண்கள் வரிசையாக நின்று வாங்கிக்கொள்வது கண்ணுக்கு அழகான காட்சிதான். ஆயினும் எட்டிலும் ஒன்பதிலும் நின்றுபோனவர்கள் அந்த வரிசையில் இல்லையே! பீஹார் சர்க்கார் 2006-இல் ஒன்பதாம் வகுப்பிலேயே பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. உயர்நிலை வகுப்புகளில் சேரும் பெண்களின் தொகை ஏறக்குறைய 30 சதவீதம் உயர்ந்ததாக ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பள்ளிக்கூடம் தொலைவாயிருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம்.

சென்ற மாதம் நின்றுபோன நமது ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கோ தூரம் ஒரு சாக்கே அல்ல. வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தாய் மில்லுக்குப் போகிறாள். இரண்டு வயதுக் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. "மூத்த பையன் படிக்கிறானே?" என்றோம். "அவன் ஆம்பிளைப் பிள்ளை, ஸார்" என்றார் தகப்பனார், நம்முடைய அறியாமைக்கு இரங்குகிறவர் போல. சட்டத்தைச் சொல்லலாமென்றால், 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. பெண்ணுக்கு 15 நடக்கிறது.

வீடு திரும்பித் தமக்கையிடம் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சட்டம் கிடக்கட்டும், தம்பி. அந்தக் குழந்தையை அங்கன்வாடியில் விட்டால் என்ன என்று கேட்டாயா?" என்றாள்.

கேட்கவில்லை. அது எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதே நமக்குத் தெரியாது.

சனிக்கிழமை மறுபடி போகிறோம். தமக்கையும் வருகிறாள்.