எதிர்பாராதது

நாகூரை அடுத்த நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியர் 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரரிடம் இழந்தனர். அவர்கள் அகன்றும் அவர்தம் மொழிச் சொற்கள் சில நம் இல்லங்களை விட்டு அகன்றில. சாவி, சன்னல், அலமாரி, மேசை என்பன அவ்வாறு வந்தனவே. ஆயினும், அம்மொழியினர் நாள்தோறும் வழங்கும் ‘இம்பிரெவிஸ்து’ என்னும் சொல்லை நாம் கைக்கொண்டிலம். வேண்டாமையே காரணம் போலும். ‘முன்னே காணப்படாதது’ என்பது அதன் பொருள். ‘எதிர்பாராதது’ என்னும் நம் சொல் உறுப்புக்கு உறுப்பு அதனை ஒத்து நிற்கின்றது.

குறித்த வேளையில் வர இயலாத ஒருவர், ‘ஓர் இம்பிரெவிஸ்து நேர்ந்தது’ என்று அம்மொழியில் கூறுவர். கட்டுரையைக் காலத்திற் கொடாத மாணவர் சிலர் நம் மொழியிலும் இவ்வாறே அடைக்கலம் புகுவதுண்டு. ஆனால், அம்மொழியினர் வரவு செலவுக் கணக்கிலும் அப்பெயரால் ஒரு தொகையை ஒதுக்கி வைப்பர். காணாததற்கும் முன்னரே இடம் வைக்கும் இவ்வழக்கே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

2004 டிசம்பர் 26 காலையில் சுமத்திரா அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. அலை நம் கரையை எட்ட இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. எனினும், இந்துமாக்கடலுக்கு அந்நாளில் எச்சரிக்கை நிலையம் இன்மையால் நமக்கு உரைப்பார் ஒருவருமிலர். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2007இல் ஐதராபாத்தில் அந்நிலையம் நிறுவப்பெற்றது. 2004இல் ‘எதிர்பாராதது’ என்றது மெய். இனி அவ்வாறு கூறுதல் மெய்யாகாது.

புயலின் கதையும் அஃதே. 1977 நவம்பர் 12இலும், 2018 நவம்பர் 16இலும் இப்பகுதியைப் புயல் தாக்கிற்று; இரண்டும் ஐப்பசிக் கடைசி. நாளை அறியோமாயினும் மாதத்தை நன்கறிவோம். வாய்க்காலைத் தூர்வாராதிருந்து, பயிர் மூழ்கியபின் ‘எதிர்பாராத மழை’ என்போமாயின், நம் சோம்பலுக்கு மழையின் பெயரை இட்டவராவோம்.

அலை வந்த நாளில் நாகூர்த் தர்கா மதபேதம் பாராது திக்கற்றோர்க்குப் புகலிடமாயிற்று; இறந்தோர் பலர்க்கு அதன் நிலத்திலே புதைகுழியும் கிடைத்தது. அவ்வலையை அங்கும் எவரும் எதிர்பார்த்திலர். ஆயினும், யார் வரினும் இடந்தரும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக அங்கு இருந்தது. அன்று திறக்க வேண்டியிருந்தது கதவு ஒன்றே.