ஆடிச்சுற்றும் அம்மாவின் முழங்காலும்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் அம்மா ஆடிச்சுற்றைத் தொடங்கிவிடுவாள். ஒற்றைக்காலில் தவம் நிற்கும் கோமதியம்மனின் கால்வலியில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்பி, பிராகாரத்தை 108 முறை சுற்றுவாள். முழங்கால் வீங்கிய ஆண்டு நான் தடுத்துவிட்டேன்.

பள்ளியில் படித்த மூட்டு வகைகளே எனக்குத் துணை. தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள். கட்டைவிரலின் அடியில் சேண மூட்டு. கழுத்தில் முளை மூட்டு. மண்டையோட்டில் அசையா மூட்டுகள். முழங்கால் கீல் மூட்டு. கதவின் கீல் தேய்ந்தால் கதவை ஆட்டக்கூடாது என்பது என் தர்க்கம். அம்மா பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். இரண்டே ஆண்டுகளில் தரையிலிருந்து எழவே கை பிடிக்க ஆள் வேண்டியதாயிற்று.

இயன்முறை மருத்துவர்தான் என் பிழையைச் சொன்னார். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக்குழாய் கிடையாது. நடக்கையில் அழுந்தி, விடுபட்டு, மூட்டுநீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகிறது. இரும்புக் கீல் அசைந்தால் தேயும், அவ்வளவுதான். உயிருள்ள கீலுக்கோ அளவான அசைவே உணவு. ஓய்வு என்ற பெயரில் நான் அம்மாவின் முழங்காலைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, சென்ற ஆடியில் என் தோளைப் பற்றிக்கொண்டு மூன்று சுற்று வந்தாள். சங்கரநாராயணர் சந்நிதி அருகே உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி சொன்னாள்:

“எய்யா, மிச்சம் 105-ஐ நீ சுத்திட்டு வா.”

சுற்றினேன். எழுபதாவது சுற்றில் என் முழங்கால் வலிக்கத் தொடங்கியது.