அந்த வெறும் டிவ்

எங்கட ஊர் வாசிகசாலையின் பழைய இணையத்தளத்தைத் திருத்தித் தரச்சொல்லி எங்களிடம் தந்தார்கள். 2005 இல் ஊர் அண்ணா ஒருவர் தனியாளாகக் கட்டின தளம். இடதுபக்கம் சின்னதாய் ஒரு பட்டியல், வலதுபக்கம் ஆண்டுவிழாப் படங்களும் செய்திகளும். நாங்கள் கிரிட்டோடயே சிஎஸ்எஸ் பழகின ஆக்கள். நிரலைத் திறந்தவுடனேயே மூன்று பேரும் சிரிச்சம். "என்னடா இது, கறள் பிடிச்சுக் கிடக்கு!"

செய்திகளுக்குக் கீழே வெறும் டிவ் ஒன்று. உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை, 'கிளியர்: போத்' என்று ஒரு வரி மட்டும். குப்பை எண்டு நினைச்சு அழிச்சம். அடுத்த நொடி பக்கத்தின் அடிப்பகுதி மேலே ஏறி, பட்டியலுக்குக் கீழே இருந்த வெற்றிடத்துக்குள் புகுந்துவிட்டது. பின்னணி நிறத்தையும் காணேல்லை.

அன்றிரவு இருந்து வாசித்தோம். ஃபுளோட் வந்தது பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரிக்க அல்ல. ஒரு படத்தை ஓரமாக ஒதுக்கி, எழுத்தை அதைச் சுற்றி ஓடவிடத்தான். வேறு நல்ல வழி இல்லாதபடியால் அதையே வளைத்துப் பத்தி அமைத்தார்கள். ஆனால் ஃபுளோட் ஆன பெட்டிகளின் உயரத்தைத் தாய்ப்பெட்டி கணக்கில் எடுக்காது. எடுக்க வைத்தது அந்த வெறும் டிவ்தான்.

கோப்புகளுக்குள் சில பிக்சல் உயரத்தில் ஒரு ஒல்லிப் படமும் கிடந்தது. இரண்டு பத்தியும் ஒரே உயரத்தில் நிற்காது. அதனால் இரண்டின் நிறத்தையும் ஒரு படமாகக் கீறி, பின்னணியில் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப அடுக்குவார்கள். டான் சீடர்ஹோம் 2004 இல் 'ஃபோ கொலம்ஸ்' எண்டு எழுதின வித்தை இது. உயரம் கண்ணுக்கு மட்டும்தான் சமம்.

ஒரு வரி மட்டும் விளங்கவே இல்லை. ஃபுளோட் ஆன பெட்டிக்கு ஏன் 'டிஸ்பிளே: இன்லைன்'? அதால ஒரு மாற்றமும் வராதே. அண்ணாவிடம் வட்ஸ்அப்பில் கேட்டோம். குரல்பதிவு வந்தது:

"பிள்ளையள், அது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 க்குப் போட்டது. அது மாஜினை ரெண்டு மடங்காக்கிப்போடும். இந்த வரியைப் போட்டா அடங்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு கிழமை போனது."

நாங்கள் சிரிச்சது அந்த ரெண்டு கிழமையைப் பார்த்துத்தான்.

2017 மார்ச்சில் ஃபயர்பொக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்துவிட்டது. பெட்டியைக் கிரிட் ஆக்கு, இரண்டு பத்தி வை, இடைவெளி விடு என்று மூன்றே வரியில் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதினோம். உயரம் தானாகவே சமமாகுது. பழைய வரிகளையும் ஒல்லிப் படத்தையும் எடுத்துவிட்டோம். எடுக்கத்தான் வேணும்.

ஆனா அந்த மூன்று வரிக்கு மேல, ஏன் இப்படி எழுதினோம், முதல் என்ன இருந்தது எண்டு ஒரு சின்னக் குறிப்புப் போட்டோம். இன்னும் இருபது வருசத்தில ஆரோ தம்பி தங்கச்சிமார் இதைத் திறந்து சிரிக்கத்தான் போகினம். சிரிக்கட்டும். அழிக்க முதல் ஒருக்கா வாசிச்சாக் காணும்.