கப்பலில் எந்த அறை?

'குவீன் எலிஸபெத் 2' என்னும் கப்பல் 1969-ஆம் வருஷம் மே மாதம் ஸவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு முதல் யாத்திரை புறப்பட்டபோது, அதில் முதல் வகுப்பு, டூரிஸ்ட் வகுப்பு என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. பிற்பாடு வகுப்பு என்ற பெயர் மறைந்தது. பேதம் மட்டும் மறையவில்லை. பிரயாணி எந்த அறைக்குப் பணம் கட்டினாரோ, அதைப் பொறுத்தே அவர் உட்காரும் போஜன சாலையும் நிர்ணயமாயிற்று. பந்தி வஞ்சனை நம்மவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல போலும்!

ஆனால் சமுத்திர ராஜன் யாருடைய டிக்கெட்டையும் பார்ப்பதில்லை. பால்கனியுடன் கூடிய உல்லாச அறைகளை 1972-ல் மேல் தளத்திலே அமைத்தார்கள். அலை மோதும்போது அதிகமாக ஆடுவதும் மேல் தளந்தான். கீழே, கப்பலின் நடுமத்தியில், ஜன்னல் கூட இல்லாத மலிவான அறையில் படுத்திருப்பவருக்கோ ஆட்டம் குறைவு, தலைசுற்றலும் குறைவு. காற்று வேண்டுமா, தூக்கம் வேண்டுமா என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1986-87-ல் நீராவி யந்திரங்களைக் கழற்றிவிட்டு டீஸல்-மின்சார யந்திரங்களைப் பூட்டினார்கள். 2008-ல் யாத்திரைகள் நின்றன. துபாயின் ராஷித் துறைமுகத்தில் 2018-ல் அது ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கரையோடு கட்டுண்ட கப்பலில் இனி எந்த அறையும் ஆடப்போவதில்லை. ஆகையால் தாராளமாக ஜன்னலுள்ள அறையையே கேட்கலாம்.