கம்பு பொய்த்த காட்டில் ஒரு வேல்

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாட்டின் தென்பகுதியில் மராடி என்றொரு வட்டாரம். நம் மானாவாரி விவசாயி ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் பயிரைப் பார்த்துத் திகைக்க மாட்டார். கம்பு, சோளம், இடையிடையே தட்டைப்பயறு. கம்புக்குத் தாய்வீடே அந்தச் சாகேல் வறண்ட நிலம்தான். மழையைப் பார்த்துத்தான் திகைப்பார். ஜூனில் தொடங்கும், செப்டம்பரோடு முடிந்துவிடும். மீதி மாதங்களில் வெயிலும் மணல் காற்றும். முளைத்த கம்பை மணல் மூடிவிட்டால் மறுபடி விதைக்க வேண்டும்.

1970களில் அந்த மண்ணுக்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலிருந்து ஒரு வேல் வந்தது. விறகுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் கொண்டுவந்தார்கள். அக்கேசியா கோலியை என்பது தாவரவியல் பெயர். முன்பு இதை அக்கேசியா ஹோலோசெரிசியா என்ற இனத்தோடு சேர்த்தே எண்ணினார்கள். 1992-ல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள்.

வளரும் விதம் வேடிக்கையானது. விதை முளைத்ததும் நம் கருவேல் போல இறகு இலைதான் விடும். சில இலைகளோடு அது நின்றுபோகும். பிறகு இலைக்காம்பே தட்டையாக அகன்று, இலை செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளும். அதன்மேல் பட்டு போல மெல்லிய முடி இருப்பதால் தூரத்திலிருந்து பார்க்க செடியே வெள்ளியாக மின்னும். முள் கிடையாது. ஆனாலும் ஆடு மாடுகள் இதை அவ்வளவாக விரும்பி மேய்வதில்லை. கால்நடைகள் அவிழ்த்துவிட்டபடி திரியும் ஊரில் இதைவிட நல்ல வேலி எது? அடியிலிருந்தே பல கிளை விட்டு 10 முதல் 13 அடி வரை புதராக நிற்கும். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். மழை ஓய்ந்த பின் மஞ்சள் கதிர் போலப் பூக்கும். கோடையில், காட்டு வேலை இல்லாத நாளில், காய் முற்றும். நட்ட இரண்டாம் ஆண்டிலேயே விதை கிடைக்கும்.

குறையும் உண்டு. ஆயுள் குறைவு, பத்தாண்டு தாண்டுவதே அரிது. தரையோடு வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. பயிரை ஒட்டி நெருக்கி வைத்தால் பக்க வேர் ஈரத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

1984-ல் சாகேலில் மழை தவறிக் கடும் பஞ்சம் வந்தது. கம்பு மட்டுமே நம்பியிருந்த வீட்டில், அது போனால் அடுப்பில் வைக்க வேறொன்றும் இல்லை. அப்போது மராடியில் பணியாற்றியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ. இந்த வேலின் விதையை ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் வறுத்து அரைத்துத் தின்று வந்தவர்கள். பச்சைக் காயைக் கசக்கி நுரை எடுத்துக் கை கழுவவும் செய்தார்கள். நம் சீயக்காய்க்கு உறவு என்பதை அந்த நுரையே சொல்லிவிடும். விறகுக்கு வந்த செடி சோற்றுக்கும் ஆகுமா என்ற கேள்வி அப்படித்தான் எழுந்தது.

விதையில் புரதம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல். பசிக்கு ஆகும் என்று உடனே அள்ளிக் கொடுத்துவிடவில்லை. எப்போதாவது தின்பது வேறு, அன்றாடம் தின்பது வேறு. ஆய்வுக்கூடத்திலும், பிறகு மனிதர்களுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். மாவில் கால் பங்கு வரை கலந்தால் தீங்கில்லை என்று கண்டார்கள். பெண்கள் காயை அடித்து, புடைத்து, விதையை அரைத்துக் கம்பு மாவோடு சேர்த்துத் தங்கள் வழக்கமான பண்டங்களையே செய்தார்கள். புதுத் தானியம் சமையலுக்குள் நுழைய அதுதான் வழி.

இதே ரினாடோ மராடியில் இன்னொன்றையும் கவனித்தார். வெறும் புதர் என்று வெட்டி எரித்துக்கொண்டிருந்ததெல்லாம் பழைய மரங்களின் அடிக்கட்டைகள். கட்டைக்கு நாலைந்து நல்ல துளிரை விட்டு மற்றதைக் கவாத்து செய்தால் போதும், உள்ளூர் மரம் தானே எழும்பும். நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது இந்த வழியில்தான். வெளிநாட்டு வேல் அவ்வளவு பரவவில்லை. செலவே இல்லாத வேலை ஜெயித்ததில் வியப்பில்லை.

நம் காட்டிலும் இதை நடலாமா என்று கேட்கத் தோன்றும். விறகுக்கென்று வந்த சீமைக்கருவேல் நம் கண்மாய்களை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். இன்னொரு அயல் வேலை அவசரப்பட்டு இறக்க வேண்டாம். பொழியில் வைக்க வெள்வேல், கருவேல், தெற்குச் சீமையில் குடைவேல் இருக்கின்றன. ஆடு தின்ன நெற்றுக் கொடுக்கும்.

மராடியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விதை நேர்த்தியை. வேல் விதைக்குத் தோல் கடினம். அப்படியே விதைத்தால் ஒன்றிரண்டுதான் முளைக்கும். கோலியை விதையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் போடுகிறார்கள். நம் கருவேலுக்கு அந்தச் சிரமமும் இல்லை. நெற்றுத் தின்ற ஆடு இரவில் அசைபோடும்போது கிடையில் துப்பிய விதையைக் காலையில் பொறுக்கி வையுங்கள். மழைக்கு முன்னால் ஊன்றலாம்.