மீளப்பெற்ற மேன்முறையீடு

மேன்முறையீட்டை எல்லோரும் வெல்வதற்காகவே செய்வதில்லை. சிலர் காலம் எடுப்பதற்காகவும் செய்கிறார்கள். நீதவானின் தீர்ப்பு வந்து 14 நாட்களுக்குள் மனுக் கொடுத்துவிட்டால், மாகாண மேல் நீதிமன்றம் அதை எடுக்கும்வரை தண்டனை ஒத்திவைக்கப்படலாம். கொழும்புத்துறையில் முச்சக்கரவண்டி ஓட்டும் என் சிநேகிதரும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

பாசையூர்ப் பக்கம் ஒரு கொண்டாட்டம் முடிந்து திரும்பும்போது பொலிஸார் மறித்து ஊதச் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, எவருக்கும் அடிபடவில்லை. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோல்தான் அப்போதிருந்த எல்லை. தண்டப்பணமும் ஆறு மாதம் சாரதி அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் தீர்ப்பு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டம்தான் அந்த வீட்டின் சோறு. கருவியைப் பயன்படுத்திய முறை சரியாக நிரூபிக்கப்படவில்லை என்று சட்டத்தரணி மேன்முறையீடு செய்தார். வெல்லக்கூடிய வாதம் என்றும் சொன்னார்.

நம்மவர் கூட்டங்களில் மது என்றதும் 'ஹராம்' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். நீதிமன்றம் பாவத்தை விசாரிப்பதில்லை. குடித்த கை வண்டியைப் பிடித்ததா என்பதுதான் அங்கே கேள்வி. குடிக்காத நாமும் அந்தத் தெருவில்தானே நடக்கிறோம்!

ஒருநாள் அவரது பத்து வயது மகன் படலையடியில் நின்று கூட்டாளியிடம் உரக்கச் சொன்னான்: "அப்பா குடிக்கேல்லையாம், மெசின்தான் பிழையாம்."

அன்றிரவு அவர் எனக்கு அழைப்பெடுத்தார். "நானா, நாளைக்குச் சட்டத்தரணி ஐயாவிட்டப் போறன். நீங்களும் வாங்கோ."

போனேன். சட்டத்தரணிக்குச் சினம். நிரூபிக்க வேண்டியது அரச தரப்பு, அதைக் கேட்பது பொய் சொல்வதாகாது என்றார். அவர் சொன்னது சரி. இன்றும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் அந்த வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்கு யார் விளங்கப்படுத்துவது?

"ஐயா, நான் குடிச்சனான். அவன் இப்பிடிச் சொல்லித் திரியிறான்" என்றார் இவர். அதற்குமேல் பேசவில்லை.

மேல் நீதிமன்றத்தில் சில நிமிட வேலைதான். மேன்முறையீட்டைத் தொடர விரும்பவில்லை என்று சட்டத்தரணி தெரிவித்தார். விருப்பம்தானா என்று நீதிபதி இவரிடமே கேட்டார். "ஓம் ஐயா." மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. வழக்கேடு நீதவான் நீதிமன்றத்துக்குத் திரும்பியதும் தண்டப்பணத்தைக் கட்டினார், அனுமதிப்பத்திரத்தை ஒப்படைத்தார்.

மனைவி ஒரு கிழமை அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவளைக் குறைசொல்ல முடியாது, கடன்காரனுக்குப் பதில் சொல்வது அவள்தான். பள்ளி ஓட்டம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. இவர் தமையனோடு கடனீரேரியில் வலைக்குப் போகிறார். வண்டி முற்றத்தில் படங்கு மூடிக் கிடக்கிறது. பின்னேரங்களில் மகன் அதற்குள் ஏறியிருந்து பாடம் படிக்கிறான்.